பழைய கணினியில் இணையம் நின்றுபோனால்: கோளாறு எங்கே என்று கண்டறியும் முறை

இணையம் வரவில்லை என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. சேவை நிறுவனத்தின் இணைப்பு அதை ஏற்கும் கருவியான மோடத்துக்கு வந்து, அங்கிருந்து அதை வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துத் தரும் ரவுட்டருக்குச் சென்று, கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ கணினியின் நெட்வொர்க் கார்டை அடைந்து, அந்தக் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் டிரைவர் மென்பொருளைக் கடந்து, ஐபி முகவரி என்னும் அடையாள எண்ணைப் பெற்று, டிஎன்எஸ் மூலம் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிக்கொண்ட பிறகுதான் உலாவியில் ஒரு பக்கம் திறக்கிறது. இவற்றில் எது பழுதானாலும் திரையில் நாம் காண்பது அதே வெற்றுப் பக்கம்தான். எனவே பழுதுபார்ப்பதற்கு முன், தொடர்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். புதியவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு, கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்த்து, கடைசியில் விண்டோஸையே புதிதாக நிறுவி முடிக்கும்போது, கேபிள் சற்றே கழன்றிருந்ததுதான் காரணம் என்று தெரியவருவது உண்டு.

ஆகையால் இரண்டு கட்டுப்பாடுகளைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதன் விளைவைப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் அந்தத் திரையை அலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலன் தராத மாற்றத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப அந்தப் படம் உதவும். கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7, தொடக்கக்கால விண்டோஸ் 10 ஆகியவை இயங்கும் வீட்டுக் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கணினிக்கு வெளியே பார்க்க வேண்டியவை

முதல் சோதனையைக் கணினியில் செய்ய வேண்டியதில்லை. அதே வைஃபையில் உள்ள அலைபேசியில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ஆனால் அதற்கு முன் அலைபேசியின் மொபைல் டேட்டாவைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். வைஃபையில் இணையம் இல்லாவிட்டால் அலைபேசி நமக்குச் சொல்லாமலேயே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளக்கூடும். அதைக் கவனிக்காமல் விட்டால், நன்றாக இருக்கும் கணினியைக் குறைசொல்லி அரை நாளை வீணாக்குவோம். அலைபேசியிலும் பக்கம் திறக்கவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

அடுத்து ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பாக இருந்தால் எல்ஓஎஸ் என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று கவனியுங்கள். ஒளிச் சமிக்ஞை உங்கள் கருவிக்கு வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். மெல்லிய ஃபைபர் கம்பி எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர அதில் நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை, சேவை நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். கழன்ற ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்றாலும் தீங்கு செய்யக்கூடியது.

விளக்குகள் இயல்பாக இருந்தும் இணையம் வராவிட்டால், மோடம், ரவுட்டர் இரண்டின் மின் இணைப்பையும் பிடுங்கி, அரை நிமிடம் பொறுத்து, முதலில் மோடத்தை மட்டும் இயக்குங்கள். அதன் விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகலாம். அதன் பிறகு ரவுட்டரையும், கடைசியில் கணினியையும் இயக்குங்கள். ரவுட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் நிறுவனம் அமைத்துக்கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட எல்லாமே அழிந்துவிடும். மறுதொடக்கம் என்பது வேறு, ஆலை நிலைக்குத் திருப்புவது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் அந்தத் துளையில் குத்தியவர்களுக்குச் சிறு கோளாறு பெருங்கோளாறாக முடிகிறது.

ரவுட்டர் பல ஆண்டுகள் பழையது என்றால் அதன் மின் அடாப்டரையும் சந்தேகிக்கலாம். அடாப்டர் வலுவிழந்தால் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க, ரவுட்டர் மட்டும் அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆகும். அதே வோல்ட் அளவும், குறைந்தது அதே ஆம்பியர் அளவும், அதே வகை முனையும் கொண்ட வேறு அடாப்டரை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும்.

கேபிள்

அலைபேசியில் இணையம் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் கேபிளிலிருந்து தொடங்குங்கள். நெட்வொர்க் கேபிளைச் செருகும் துளையின் அருகே பெரும்பாலான கணினிகளில் ஒரு சிறு விளக்கு இருக்கும். இரு முனைகளையும் செருகிய பிறகும் அது எரியாவிட்டால், கேபிளின் முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உடைந்த கேபிள் செருகியதுபோலத் தோன்றும், ஆனால் உள்ளே பிடித்து நிற்காது. பிறகு ரவுட்டரில் வேறொரு துளையிலும், அதன் பின் வேறொரு கேபிளைக் கொண்டும் சோதியுங்கள்.

விளக்கு எரிவதால் மட்டும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட் வேகத்துக்கு அவற்றில் நான்கு போதும், கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகச் சரியலாம். நேற்றுவரை வேகமாக இருந்தது இன்று மந்தமாகிவிட்டது என்றால் கேபிளை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

வைஃபை தெரியாதபோது

மடிக்கணினியின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபையை அணைக்கும் சிறு நெம்பு இருக்கலாம். பழைய மாடல்களில் இது பரவலாக இருந்தது. துடைக்கும்போதோ பையில் வைக்கும்போதோ அது தானாக நகர்ந்துவிடும். நெம்பு இல்லாத மாடல்களில் எஃப்என் விசையோடு மேல்வரிசை விசை ஒன்றைச் சேர்த்து அழுத்துவதே அந்த வேலையைச் செய்யும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. புதிய ரவுட்டர் வந்த நாளிலிருந்து பழைய கணினியில் மட்டும் வைஃபை தெரியவில்லை என்றால், கணினி பழுதாகவில்லை. புதிய ரவுட்டர் பேசுவது அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். 2003-இல் வந்த 802.11ஜி தரத்தைச் சேர்ந்த கார்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அந்தப் பெயர் கணினியின் பட்டியலில் வரவே வராது. 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே கூட அலைவரிசையின் எண்ணிட்ட பிரிவுகளான சானல்களில் 12, 13 ஆகியவற்றைச் சில பழைய கார்டுகள் காண்பதில்லை. ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் பெயர் தோன்றிவிடும். பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 முறையை மட்டும் ஏற்குமாறு ரவுட்டர் அமைக்கப்பட்டிருந்தால் பழைய கணினியால் உள்ளே நுழைய முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்து, டபிள்யூபிஏ2 முறையையும் ஏஇஎஸ் குறியாக்கத்தையும் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எக்ஸ்பி கணினியாக இருந்தால் அதன் மூன்றாம் சர்வீஸ் பேக் என்னும் திருத்தத் தொகுப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும், அதில்தான் டபிள்யூபிஏ2 ஆதரவு உள்ளடங்கி வந்தது.

பழைய கணினிக்காக டபிள்யூஇபி என்னும் பழைய பாதுகாப்பு முறைக்கோ கடவுச்சொல்லே இல்லாத நிலைக்கோ ரவுட்டரை இறக்காதீர்கள். டபிள்யூஇபி குறியாக்கத்தைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம், அதனால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஆபத்துக்கு உள்ளாகும். அந்த நிலை வந்தால் ஒரு கேபிளை இழுத்துச் செருகிவிடுவதே நல்லது. கேபிள் இணைப்பில் இந்தப் பொருத்தமின்மை எதுவும் எழுவதில்லை என்பதால், பழைய மேசைக் கணினிகளுக்கு நான் எப்போதும் கேபிளையே பரிந்துரைப்பேன்.

நெட்வொர்க் கார்டும் டிரைவரும்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால், கணினியிலுள்ள எல்லா இணைப்புகளும் ஒரே சாளரத்தில் தோன்றும். உங்கள் இணைப்பு அணைக்கப்பட்டதாகக் காட்டினால் வலது சொடுக்கி இயக்கிவிடுங்கள். இணைப்பே பட்டியலில் இல்லை என்றால், கணினியிலுள்ள வன்பொருள்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜருக்குச் செல்ல வேண்டும். அங்கே நெட்வொர்க் அடாப்டர்கள் பகுதியில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருந்தால் டிரைவரில் பிழை, கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் கார்டு அணைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்பியில் அம்புக்குப் பதில் சிவப்புப் பெருக்கல்குறி இருக்கும்.

இணையம் இல்லாத கணினிக்கு டிரைவரை எப்படிக் கொண்டுவருவது என்று புதியவர்கள் திகைப்பார்கள். வேறொரு கணினியிலோ அலைபேசியிலோ, உங்கள் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடி, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கும், அது 32 பிட்டா 64 பிட்டா என்பதற்கும் பொருந்தும் கோப்பைப் பதிவிறக்கி, பென்டிரைவில் எடுத்து வாருங்கள். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் நிறுவித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நாடாதீர்கள். அவற்றில் பல வேண்டாத விளம்பர நிரல்களையும் சேர்த்தே நிறுவிவிடுகின்றன.

இணைப்பு சிறிது நேரம் இருந்து பின் போகிறது, மறுதொடக்கம் செய்தால் மட்டும் வருகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பண்புகளைத் திறந்து, மின்சிக்கனப் பகுதியில், ஆற்றலைச் சேமிக்கக் கணினி இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற தேர்வை நீக்கிவிடுங்கள்.

கார்டே செத்துவிட்டதா, விண்டோஸில்தான் சிக்கலா என்று தீர்மானிக்க ஒரு நம்பகமான வழி உண்டு. விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ்; அதன் வகைகளில் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமல், அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். அங்கே இணையம் வந்தால் கார்டும் கேபிளும் ரவுட்டரும் நலமாக உள்ளன, பிழை விண்டோஸுக்குள் இருக்கிறது. வன்பொருளையும் மென்பொருளையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக்காட்டும் வேறு சோதனையை நான் அறியேன்.

முகவரியும் பிங் சோதனையும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்பதை ஆங்கிலத்தில், இடைவெளியில்லாமல் எட்டு எழுத்துகளாக எழுதி என்டர் அழுத்துங்கள். வரும் விவரங்களில் ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே ஆகிய இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்வே என்பது உங்கள் ரவுட்டரின் முகவரி. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும்.

உங்கள் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. ரவுட்டரிடம் முகவரி கேட்டும் பதில் கிடைக்காததால் விண்டோஸ் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்பதே அதன் பொருள். அந்த முகவரியால் இணையத்துக்குச் செல்ல முடியாது. கேபிள், வைஃபை கடவுச்சொல், ரவுட்டர் ஆகியவற்றை மீண்டும் பாருங்கள். பிறகு ஐபிகான்ஃபிக் என்பதோடு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ரிலீஸ் என்ற சொல் ஆகியவற்றைச் சேர்த்து இயக்கி, அடுத்து அதே முறையில் ரின்யூ என்ற சொல்லை இயக்குங்கள். பழைய முகவரியை விட்டுவிட்டுப் புதியது கேட்கும் கட்டளைகள் இவை. முன்பு எப்போதோ யாரோ கைமுறையாக நிலையான முகவரி கொடுத்திருந்தால் இக்கட்டளைகள் பலிக்காது. இணைப்பின் பண்புகளில் டிசிபி ஐபி பதிப்பு 4 என்பதைத் திறந்து, முகவரியைத் தானாகப் பெறுக என்ற தேர்வுக்கு மாற்றுங்கள். ரவுட்டரை மாற்றிய வீடுகளில் பழைய நிலையான முகவரி அப்படியே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முகவரி சரியாக இருந்தால் பிங் சோதனைக்கு வாருங்கள். கிணற்றின் ஆழம் அறியக் கல்லைப் போட்டு ஓசைக்குக் காத்திருப்பதுபோல, பிங் ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறது. அருகிலிருந்து தொலைவுக்கு நான்கு இடங்களைச் சோதிக்க வேண்டும். முதலில் பிங் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, 127.0.0.1 என்று கொடுங்கள். இது உங்கள் கணினியையே குறிக்கும் முகவரி. இதற்கே பதில் இல்லை என்றால் விண்டோஸின் நெட்வொர்க் மென்பொருள் பழுதாகியிருக்கிறது. அடுத்து கேட்வே முகவரி. இதற்குப் பதில் இல்லை என்றால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் அறுந்திருக்கிறது. மூன்றாவதாக, கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8. கேட்வே பதில் சொல்லி இது சொல்லாவிட்டால் ரவுட்டருக்கு வெளியே கோளாறு. கடைசியாக, எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுங்கள், விக்கிப்பீடியாவின் முகவரியே போதும். எண்ணுக்கு மறுமொழி வந்து பெயருக்கு வராவிட்டால், உங்கள் இணைப்பு முழுமையாக இயங்குகிறது, டிஎன்எஸ் மட்டுமே சிக்கல்.

விடைகளைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. செல்லும் இடத்தை எட்ட முடியவில்லை என்ற செய்தி உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வரும்போது, விண்டோஸ் அதையும் ஒரு பதிலாகவே எண்ணி, இழப்பு 0 சதவீதம் என்று இறுதியில் காட்டிவிடும். எனவே கடைசி வரியிலுள்ள சதவீதத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். மேலும் சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். அலைபேசியில் நன்றாக இணையம் தரும் ரவுட்டர் பிங்குக்கு மட்டும் மௌனமாக இருந்தால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் அடுத்த முகவரியையும் சோதித்துவிடுங்கள்.

டிஎன்எஸ்தான் சிக்கல் என்று தெரிந்தால், ஐபிகான்ஃபிக் கட்டளையோடு சாய்கோடும் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற சொல்லும் சேர்த்து இயக்கி, கணினி சேமித்து வைத்திருக்கும் பழைய விடைகளை அழியுங்கள். தீராவிட்டால் டிசிபி ஐபி பண்புகளில் டிஎன்எஸ் முகவரி எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுக்காத எண்கள் அங்கே இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளில் இந்த எண்களை இரகசியமாக மாற்றி, பயனர்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பியது. அதை நடத்தியவர்கள் 2011-இல் பிடிபட்ட பிறகு, மாற்றாகத் தற்காலிகமாக இயக்கப்பட்ட சர்வர்கள் 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டபோது, அதுவரை சரிசெய்யப்படாதிருந்த கணினிகள் இணையத்தை இழந்தன. அறியாத எண்களைக் கண்டால் குறித்துவைத்துக்கொண்டு, தானாகப் பெறுமாறு மாற்றி, கணினியை முழுமையாக நச்சுநிரல் சோதனைக்கு உட்படுத்துங்கள். ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அதையும் சரிபாருங்கள்.

127.0.0.1 பதில் சொல்லாத அரிய நிலையிலும், முகவரி சரியாக இருந்தும் எந்த நிரலும் வெளியே செல்லாத நிலையிலும், கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, நெட்ஷ் வின்சாக் ரீசெட் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக எழுதுங்கள். முதற்சொல்லின் எழுத்துகள் என், இ, டி, எஸ், எச். கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே இது பயன் தரும். நெட்வொர்க்கோடு பின்னிக்கொண்ட சில விபிஎன் (இணைப்பை மறைகுறியாக்கி வேறு சர்வர் வழியே அனுப்பும் நிரல்), நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களை இதன் பின் மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும் என்பதால் இதைக் கடைசியாகவே கையாளுங்கள்.

இணைப்பு இருந்தும் பக்கங்கள் திறக்காதபோது

பழைய கணினிகளுக்கே உரிய சிக்கல் இதுதான், பலர் இதில்தான் வழி தவறுகிறார்கள். பிங் எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது, ஒன்றிரண்டு தளங்கள் திறக்கின்றன, மற்றவை பாதுகாப்பற்ற இணைப்பு என்று எச்சரிக்கின்றன. அப்போது முதலில் திரையின் கீழ்மூலையிலுள்ள தேதியைப் பாருங்கள். ஆண்டு பின்னோக்கிச் சென்றிருந்தால், கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கணக்கில் அந்தத் தொடக்க நாள் இன்னும் வரவில்லை என்பதால் சான்றிதழை ஏற்க மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் உடனே சரியாகும், ஆனால் மின் இணைப்பைத் துண்டித்ததும் மீண்டும் பழையபடி ஆகும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் மின்கலம். கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொண்டு மாற்றிவிடலாம்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், தளங்களின் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையாகக் கணினியில் இருக்கும் மூலச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கலாம். தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, இற்றைப்படுத்தப்படாத பல பழைய கருவிகளில் தளங்கள் திறக்காமல் போயின. விண்டோஸில் உள்ள சான்றிதழ்களைச் சாராமல் தனக்கென ஒரு தொகுப்பை ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கிறது. எனவே மற்ற உலாவிகள் மறுக்கும் தளங்களை, உங்கள் விண்டோஸ் ஏற்கும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பு திறக்கக்கூடும். குரோம் உலாவியைப் பொறுத்தவரை விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிப் பதிப்பு 109. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தொடர்க என்ற பொத்தானை, வங்கித் தளங்களிலும் கடவுச்சொல் கேட்கும் தளங்களிலும் ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

உலாவி எதுவும் வேலை செய்யாமல் பிங் மட்டும் வேலை செய்தால், கண்ட்ரோல் பேனலில் இணையத் தேர்வுகளைத் திறந்து, இணைப்புகள் பகுதியில், போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் பிராக்ஸி சர்வர் ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாத நிரல்கள் இங்கே தம் முகவரியை விட்டுச் செல்வதுண்டு. சந்தா முடிந்த நச்சுநிரல் தடுப்பு மென்பொருளும் இணையத்தை மறிக்கக்கூடும். அதைத் தற்காலிகமாக நிறுத்துவது எப்போதும் போதாது, நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்து பார்ப்பதே சரியான சோதனை.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. எக்ஸ்பி கணினியில் இணையத்தை மீட்டுக் கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. பழைய கோப்புகளைத் திறக்க அதை இணையமின்றி வைத்துக்கொண்டு, உலாவுவதற்கு அதே கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

சேவை நிறுவனத்தை அழைக்கும்போது

சோதனைகள் ரவுட்டருக்கு வெளியே கைகாட்டினால் மட்டும் அழையுங்கள். ரவுட்டரின் விளக்குகள் எந்த நிறத்தில் எரிகின்றன, எத்தனை கருவிகளில் சோதித்தீர்கள், எந்த நேரத்திலிருந்து இணையம் இல்லை என்பவற்றைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கேட்வேக்குப் பிங் செல்கிறது, 8.8.8.8-க்கு இரண்டு கருவிகளிலிருந்தும் செல்லவில்லை, மோடத்தையும் ரவுட்டரையும் ஏற்கெனவே மறுதொடக்கம் செய்துவிட்டேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், கணினியை அணைத்துப் போடுங்கள் என்று தொடங்கும் வழக்கமான கேள்விகள் பலவற்றைத் தாண்டி, இணைப்பைச் சோதிக்கும் தொழில்நுட்பப் பணியாளரிடம் உங்கள் புகார் விரைவாகச் சென்று சேரும். புகார் எண்ணைக் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.